நாலாவது கேன்

அத்தியாயம் 6

காரின் பின்சக்கரம் காற்று இறங்கி நின்ற இடத்தில் மரமும் இல்லை, கடையும் இல்லை. விமானத்தின் டயர் பஞ்சராகி, அதன் விளைவாக ஒரு மனிதர் இறந்துபோன வழக்கை விசாரிக்கப் போகிற வழியில் தங்கள் கார் டயரும் பஞ்சராவதை மச்சினன் தனக்கே நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டான். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளி, கம்பியை மேலும் கீழும் அடிக்க ஆரம்பித்தான். வியர்வை வந்தது. வண்டி ஒரு விரற்கடைகூட எழவில்லை.

“அத்தான், உங்க வண்டிக்கு உங்க குணமே இருக்கு. எவ்வளவு கெஞ்சினாலும் அசைய மாட்டேங்குது.”

துப்பறிவாளர் குனிந்து பார்த்தார். ஜாக்கியின் அடிப்பக்கத்தில் எண்ணெயை அடைத்து வைக்கும் சிறிய திருகு திறந்து கிடந்தது. அதை இறுக்கிவிட்டு, இப்போது அடி என்றார். சில அடிகளில் வண்டி எழுந்துவிட்டது.

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ பேச்சை நிறுத்தியிருந்தா மொதல்லயே பார்த்திருப்பேன், மாப்ளே.”

சக்கரத்தை மாற்றி, கருவிகளைப் பின்னால் போட்டு, வண்டி கிளம்பிய பிறகும் அவர் அந்தத் திருகைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் தேடிப் போவதும் அப்படி ஒரு திருகைத்தான்.

முந்தின நாள் காலையில் அவரிடம் வந்திருந்தவள், விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமை மெக்கானிக்குடைய மனைவி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையில் இருந்த பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றின் மூக்குச் சக்கரம் பஞ்சராகிவிட்டது. அவள் கணவரும், அவரோடு வேலை பார்த்த அவர் தம்பியும் விமானத்தின் மூக்கை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார்கள். மத்தியானம், அவள் வழக்கம்போல் சாப்பாட்டுக் கேரியரோடு போன நேரத்தில், அவர் அடியில் படுத்துச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது விமானம் அவர்மேல் இறங்கிவிட்டது. ஜாக்கியின் திருகை நான்தான் சரியாக இறுக்கவில்லை என்று தம்பியே போலீசில் சொல்லிவிட்டான். பார்த்தால் திருகும் திறந்துதான் கிடந்தது. நாளை மறுநாள் நீதிபதி முன்னால் நின்று அதையே சொல்லப் போகிறான். சொன்னால் சிறைதான். வீட்டில் அவளுடைய மகள், சித்தப்பா வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அதனால் அவன் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டு, ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறான்.

கடைசியாக அவள் சொன்னதை மட்டும் துப்பறிவாளர் மனதில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தம்பி ஒரு நட்டை இறுக்கினா அவிழ்க்க ரெண்டு ஆள் வேணும், சார். அவன் திருகை மறந்தான்னா நான் நம்ப மாட்டேன். யாரால போச்சுன்னு எனக்குத் தெரியணும். யாரா இருந்தாலும் சரி.”

விமானத் திடலில் ஓடுபாதை ஒன்று, காய்ந்த புல், கம்பத்தில் காற்றுப் பை, ஓரமாக ஒரு தகர ஷெட். அவ்வளவுதான். விமானத்தின் முன்பாதி ஷெட்டுக்குள்ளும் பின்பாதி வெளியிலும் இருந்தது. மூக்கு தரையில் முட்டி, வால் உயரத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தால், ஏதோ ஒரு பெரிய பிராணி முழங்கால் மடித்து அழுவது போல இருந்தது. ப்ரொப்பெல்லரின் ஒரு இதழ் மடங்கியிருந்தது. மற்றொரு இதழில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

துப்பறிவாளர் உள்ளே நுழையும் முன் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். இறந்தவர் இருந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் அப்படி நிற்பது வழக்கம். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று மச்சினன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் மட்டும் அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

தம்பி உள்ளே ஒரு மேசை முன்னால் ஸ்பானர்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது. துடைத்த ஸ்பானரையே மறுபடியும் எடுத்துத் துடைத்தான். தான் சொல்ல வேண்டியதையெல்லாம் போலீசில் சொல்லியாகிவிட்டது என்றும், அண்ணி எதற்காக வீண் அலைச்சல் படுகிறார்கள் என்று தெரியவில்லை என்றும் சொன்னான். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டபோது, தொழில் தெரிந்தவன் பேசுகிற மாதிரி, தெளிவாகச் சொன்னான். மூக்குக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். அதோடு நிறுத்த மாட்டார்கள். வாலில் இருக்கும் வளையத்தில் கயிறு கட்டி ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதன்மேல் தண்ணீர் நிரம்பிய நாலு கேன்களை வைப்பார்கள். வால் கனத்தால் மூக்கு லேசாகும். பாரத்தில் பெரும்பங்கைக் கேன்கள் தாங்கிக்கொள்ள, ஜாக்கி சும்மா முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அண்ணன் ஒருநாளும் அடியில் படுத்ததில்லை.

“அப்படின்னா தராசு மாதிரி” என்றார் துப்பறிவாளர்.

“ஆமாம் சார்.” சொல்லிவிட்டுத் தம்பி சட்டென்று அடுத்த ஸ்பானரை எடுத்தான்.

ஜாக்கி மூலையில் கிடந்தது. துப்பறிவாளர் அதைத் தூக்கி மேசைமேல் வைத்தார். திருகு இரண்டு சுற்றுக்கு மேல் திறந்திருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டு நடுவில் வளைந்திருந்தது.

“மாப்ளே, காலையில நம்ம ஜாக்கி ஏன் எழும்பல?”

“அதை இங்க வந்து சொல்லணுமா, அத்தான்? என் மானம் ரோட்டோட போகட்டுமே.”

“சொல்லு.”

“திருகு திறந்திருந்துச்சு.”

“இந்தத் திருகு அதைவிட அதிகமா திறந்திருக்கு. இப்படி இருந்தா விமானம் எழுந்தே இருக்காது. சரி, நல்லா இறுக்கித் தூக்கினாங்க, அப்புறம் எப்படியோ திறந்துக்கிச்சுன்னே வெச்சுக்குவோம். பாரம் ஏறினதும் இந்தத் தண்டு எங்க போகும்?”

மச்சினன் தண்டைத் தடவிப் பார்த்தான். “உள்ள இறங்கிடும். நம்ம வண்டியை இறக்கினப்ப இறங்கின மாதிரி.”

“இது இறங்கலயே. நீட்டின மேனிக்கு வளைஞ்சிருக்கு. விமானம் விழுந்தப்ப ஜாக்கி நல்லா இறுக்கமாத்தான் இருந்திருக்கு. பக்கவாட்டுல சரிஞ்சு உதைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கு. திருகை யாரோ அதுக்கப்புறம் திறந்திருக்காங்க.”

தம்பி துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவன் கையில் இருந்தது ஸ்பானர் இல்லை. வெறும் துணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் எதுவும் கேட்காமல் துப்பறிவாளர் வெளியே வந்தார். அடுத்து எங்கே என்று மச்சினன் கேட்டான். தராசின் ஒரு தட்டைப் பார்த்தாயிற்று, மற்றத் தட்டைப் பார்ப்போம் என்றார்.

விமானத்தின் மூக்கு விழுந்ததில் வால் எழும்பி, பலகை இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டம் அடித்த பலகை. அதற்குள் நாலு வெள்ளைக் கேன்கள் வரிசையாக இருந்தன. வெயிலில் நடந்து வந்த மச்சினன் முதல் கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

“இதைக் குடிச்சா நாளைக்கு என்னைப் பத்தி நீங்க துப்பறிய வேண்டியிருக்கும்.”

தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. எடை வைப்பதற்கென்றே மாதக்கணக்கில் நிரப்பி வைத்த தண்ணீர். இரண்டாவது கேனும் பச்சை. மூன்றாவதும் அப்படியே. நாலாவதைத் திறந்தவன் ஒன்றும் பேசாமல் விலகி நின்றான். அதில் அடிவரை தெரிகிற மாதிரி தெளிந்த தண்ணீர் இருந்தது.

அவன் பேசாமல் நின்றதால்தான் துப்பறிவாளருக்கு அதன் முக்கியத்துவம் முழுதாக உறைத்தது.

அப்போது வாயிற்காவலாளி அங்கே வந்து சேர்ந்தார். மனிதர்களைப் பார்த்தால் குறைகளைச் சொல்லாமல் இருக்க முடியாதவர். பம்பு பழுதாகி இங்கே குழாயில் தண்ணீர் வந்தே பல நாள் ஆகிறது என்றும், வெளியிலிருந்து பானையில் கொண்டுவந்து வைக்கிற குடிதண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம் என்றும், விபத்து நடந்த அன்று அந்தப் பானைத் தண்ணீர் முழுவதையும் தம்பி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதால் சாயங்காலம் வரை நாக்கு வறண்டு கிடந்ததாகவும் சொன்னார். இரத்தத்தைக் கழுவத்தான் கொண்டு போகிறான் என்று நினைத்து, பாவம் என்று கேட்காமல் விட்டுவிட்டாராம்.

“கழுவினாரா?”

“இல்லீங்க. மறுநாள் நான்தான் மண்ணு போட்டேன்.”

காவலாளி போன பிறகு மச்சினன் மெதுவாகச் சொன்னான். “அண்ணன் செத்த அன்னைக்கு, குடிக்கிற தண்ணியைத் தூக்கிட்டு வந்து, எடை வைக்கிற கேனை எதுக்கு அத்தான் ரொப்பணும்?”

“காலியா இருந்தது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு.”

“அப்போ முதல்ல காலி பண்ணினது யாரு? பச்சைத் தண்ணியை எடுத்து யாரு என்ன செய்வாங்க?”

துப்பறிவாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஷெட்டின் வெளிச்சுவரை ஒட்டி, வாயை வெட்டிய பழைய எண்ணெய்த் தகரங்களில் பூச்செடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தகரத்திலும் செடி சாயாமல் ஒரு பழைய கம்பி ஊன்றி, நூலால் கட்டியிருந்தது. அளவு பார்த்துக் கட்டிய கட்டு. செத்துப்போனவரின் கை அதில் தெரிந்தது. துப்பறிவாளர் ஒரு தகரத்தின் முன்னால் உட்கார்ந்து மண்ணைப் பார்த்தார். மண்ணின்மேல் மெல்லிய பச்சைத் தோல் காய்ந்து, வெடித்து, சுருண்டிருந்தது. அடுத்த தகரத்திலும் அதுதான்.

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஷெட்டுக்கு வருகிறவர்களில், மத்தியானத்தில், சாப்பாட்டுக் கேரியரோடு, சாலைப் பக்கமிருந்து நடந்து வந்து, வாடிப்போன இந்தச் செடிகளைப் பார்த்து மனம் பொறுக்காமல் போகக்கூடிய ஆள் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஆள்தான் நேற்று அவர் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“அத்தான்” என்றான் மச்சினன். “இந்தக் கேசை இப்படியே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமா?” அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

துப்பறிவாளர் உள்ளே போய்த் தம்பியின் பக்கத்தில் ஒரு டயரின்மேல் உட்கார்ந்தார். நாலாவது கேனின் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தலை குனிந்தான். விபத்து நடந்த அன்று அவனை மருத்துவமனை வண்டியில் ஏறச் சொன்னபோது ஏறாமல் நின்றிருக்கிறான். எல்லோரும் போன பிறகு வெளியே வந்தால், செடி ஓரத்தில் காலிக் கேன் கவிழ்ந்து கிடந்தது. மண் ஈரமாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. கேனை நிரப்பிப் பலகையில் வைத்துவிட்டு, ஜாக்கியின் திருகைத் திறந்துவிட்டான்.

“அன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார். எப்பவும் வால்தான் உள்ள இருக்கும், மூக்கு வெளிய இருக்கும். நான்தான் அண்ணன்கிட்ட, இன்னைக்கு மூக்கை உள்ள விடுவோம், நிழல்ல படுத்து வேலை பாருன்னு சொன்னேன். தொடாதேன்னு காட்டறதுக்குச் சிவப்புத் துணியை எப்பவும் போல முன்னாடி கட்டினேன். வாலு வெளிய நிக்குதே, அங்க ஒண்ணு கட்டணுமேன்னு எனக்குத் தோணல. கட்டியிருந்தா அண்ணி கேனைத் தொட்டிருக்க மாட்டாங்க. தப்பு என்னுதுதான் சார். திருகுல இல்ல, துணியில.”

பிறகு அவன் கையைக் கூப்பினான். நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன், அண்ணிக்கு மட்டும் இது தெரியவே வேண்டாம் என்று கெஞ்சினான். தெரிந்தால் அவள் பிழைக்க மாட்டாள், பிள்ளைக்கு அம்மாவும் இல்லாமல் போய்விடும் என்றான். பிள்ளை தன்னை வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும், அதற்கு அம்மா இருந்தால் போதும்.

துப்பறிவாளர் இதுவரை எத்தனையோ பொய்களை உடைத்தவர்தான். இந்தப் பொய்யை உடைக்க அவருக்குக் கை வரவில்லை. உடைக்காமல் விட்டால், குற்றமில்லாத ஒருவன் சிறைக்குப் போவான். உடைத்தால் ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடவுளே, இதில் எதை என்னிடம் கேட்கிறாய் என்று அவர் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே மச்சினன் யாரையோ தடுத்துப் பேசும் சத்தம் கேட்டது. ஓடுபாதையைச் சுற்றிக் காட்டட்டுமா, காற்றுப் பை எப்படி ஆடுகிறது பாருங்கள் என்று சம்பந்தமில்லாமல் எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

வந்தது அவள்தான். தம்பி சாப்பிடாமல் கிடப்பான் என்று கேரியரில் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். மச்சினனைத் தாண்டி வந்தவள் ஷெட்டுக்குள் நுழையவில்லை. தகரச் செடிகளின் முன்னால் நின்றுவிட்டாள். துப்பறிவாளர் வெளியே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கண்டுபிடிச்சிட்டீங்க.”

அவர் பார்வை தகரத்து மண்ணுக்குப் போனது.

“நான் ஊத்தின தண்ணிதானே, சார்?”

தம்பி பின்னாலேயே ஓடி வந்து, இல்லை அண்ணி, அது இல்லை என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“எப்பவும் அந்தக் கேனெல்லாம் சுவர் ஓரமா நிக்கும். அன்னைக்குப் பலகை மேல இருந்துச்சு. எறும்பு ஏறாம வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். கயிறைக்கூட நான் பார்க்கல. செடியைத்தான் பார்த்தேன். கடைசித் தகரத்துக்கு ஊத்தி முடிக்கல, உள்ள சத்தம் கேட்டுச்சு.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டாள். “என் கையில கேன் இருந்ததை யாரும் கேட்கல. நானும் சொல்லல. இவன் திருகுன்னு சொன்னதும், அப்படின்னா நான் இல்லைன்னு ஒரு ராத்திரி நிம்மதியா இருந்தேன். அந்த நிம்மதியை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

யாராக இருந்தாலும் சரி என்று நேற்று அவள் சொன்னது துப்பறிவாளருக்கு இப்போதுதான் முழுதாகக் கேட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. “உங்க கேனும் ஒரு காரணம்தான்மா” என்றார். “அந்தக் கேன் போனதும் பாரமெல்லாம் ஜாக்கி மேல வந்திருச்சு. அவர் சக்கரத்தை இழுத்த வேகத்துல ஜாக்கி சரிஞ்சிருச்சு. அவர் வெயில்ல கஷ்டப்படக் கூடாதுன்னு தம்பி மூக்கை உள்ள விட்டதும் காரணம். துணி பின்னாடி இல்லாததும் காரணம். தம்பி அவருக்கு நிழல் கொடுத்தார். நீங்க அவர் செடிக்குத் தண்ணி கொடுத்தீங்க. இதுல எதை நான் குத்தம்னு சொல்லட்டும்?”

அவள் அழுவாள் என்று மச்சினன் எதிர்பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அழவில்லை. கேரியரைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியிடம் போனாள்.

“நாளைக்கு நானும் வரேன். நடந்ததை நடந்தபடி ரெண்டு பேரும் சொல்லுவோம். பாப்பாகிட்ட இன்னைக்கே நான் சொல்றேன். இனிமே நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்ன வரைக்கும் போதும், தம்பி.”

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலத்துக்குள் விமானத்தைத் தூக்கிச் சக்கரம் மாட்டி ஓரமாகத் தள்ளிவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். போலீசும் சரி என்றுவிட்டது. அதைச் செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் காலையிலிருந்து அந்த மூக்கின் பக்கம் போக அவனுக்குக் கால் வரவில்லை. தூக்குவதற்கு வளையாத ஜாக்கியும் இல்லை. அதைக் கேட்டதும் மச்சினன் காருக்கு ஓடினான். எண்ணெய்க் கறையோடு தங்கள் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து தம்பி முன்னால் வைத்தான்.

“திருகை நானே இறுக்கிட்டேன். நீங்களும் ஒருதடவை பார்த்துக்குங்க. என்னை என் அக்காவே நம்ப மாட்டா.”

தம்பியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

அவள் ஷெட்டுக்குள் போனாள். கணவர் விழுந்த இடத்தில் மண் போட்டிருந்ததை ஓரமாகச் சுற்றிக்கொண்டு, ப்ரொப்பெல்லரில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தாள். அதை நடுவில் கிழித்து, ஒரு பாதியை இருந்த இடத்திலேயே கட்டினாள். மறுபாதியோடு வெளியே வந்து, பலகையைத் தாங்கிய கயிற்றில் கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

“நான் இங்க நிக்கறேன்” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். “ஒருத்தரும் இதைத் தொட மாட்டாங்க. நீ தூக்கு, தம்பி.”

உள்ளே தம்பியின் காலடி மூக்கின் பக்கம் போய் நின்றது. பிறகு ஜாக்கியின் கம்பி ஒருமுறை கிறீச்சிட்டது. இன்னொரு முறை. மேலே நின்ற வால் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. நாலு கேன்களும் அவள் இடுப்பிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து பாதத்துக்கும் தாழ்ந்தன. துப்பறிவாளர் தள்ளி நின்று கண்ணை மூடியிருந்தார். மச்சினன், தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கடைசித் தகரத்தில் சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவள் இதையெல்லாம் பார்க்கவில்லை. கேன்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, யாருமில்லாத திடலைப் பார்த்தபடி காவல் நின்றாள்.